பரணிலிருந்து இறங்கியவை

மே 4, 2025, ஞாயிறு

அடுத்த மாதம் வெள்ளையடிக்க ஆள் வருவதால் பரணைக் காலி செய்யத் தொடங்கினோம். இறங்கியதில் பாதிக்கு மேல் காகிதம்தான். உத்தரவாத அட்டைகளோடு சேர்த்துப் பின் குத்திப் பத்திரப்படுத்தியிருந்த கடை ரசீதுகள் பலவற்றில் எழுத்தே இல்லை. வெப்பத்தாளில் அச்சானவை என்பதால் பரணின் சூட்டில் வெளிறி, ஓரத்தில் கடையின் சின்னம் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சியிருந்தது. இனி வாங்கும் பொருளின் ரசீதை அன்றே படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

மே 7

சான்றிதழ்கள். 2015இல் வந்த, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமமும் வண்டியின் பதிவுச் சான்றும் ஏற்கெனவே உள்ளன. வழங்கும் துறையே நேரடியாக அதில் சேர்க்கும் ஆவணங்களுக்கு, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்கு நிகரான மதிப்பு உண்டு. நாமாக ஸ்கேன் செய்து ஏற்றுபவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அசலைக் கிழித்துவிடக் கூடாது.

"வீட்டுப் பத்திரத்தையும் போனுக்குள் போட்டுவிட்டுப் பழைய பேப்பர்காரனிடம் கொடுத்துவிடாதே" என்றார் அம்மா. கொடுக்கப் போவதில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டால் வங்கி அசல் பத்திரத்தைத்தான் கேட்கும். உயிலோ, மின் ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வரம்புக்கே வெளியே நிற்கிறது. இரண்டும் பீரோவிலேயே இருக்கும்.

மே 11

ஆல்பங்கள். பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் வகை. பசை பழுத்துப் படங்கள் அட்டையோடு இறுகிவிட்டன. கத்தி வேண்டாம் என்று, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நைலான் நூலைப் படத்தின் அடியில் கொடுத்து, இரு கைகளாலும் மெல்ல அறுப்பதுபோல் இழுத்தபோது பெரும்பாலானவை சேதமின்றி வந்தன. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்கிறேன். ஆல்பம் போகும், படங்கள் ஓர் உறையில் தங்கும்.

கூகுள் போட்டோஸ் வரம்பற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. அதன்பின் ஏற்றுபவை, மின்னஞ்சலும் பங்குபோட்டுக்கொள்ளும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். பரணுக்கு வாடகை கிடையாது, இதற்கு உண்டு. ஆகவே ஒரு வன்வட்டிலும் பிரதி எடுத்தேன்.

மே 18

புத்தகங்களில்தான் வீட்டில் வாக்குவாதம். சங்க இலக்கியமும் பக்தி இலக்கியமும் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் கிடைக்கின்றன. கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் யாரும் அதைத் திரும்பப் பெற முடியாது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும் பல இணையத்தில் உள்ளன. அவற்றில் அடிக்கோடும் குறிப்பும் இல்லாத பிரதிகளைக் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

மற்றவற்றைக் கொடுத்துவிட்டு மின்னூலாக வாங்கிக்கொள்ளலாம் என்ற மகளின் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. அங்கே நாம் வாங்குவது படிக்கும் உரிமம்தான். 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, விற்ற ஆர்வெல் நூல்களை வாசகர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் பணமாகத் திரும்பின, நூலாக அல்ல. இந்த ஆண்டு பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியும் இல்லை. ஒருமுறை படித்துவிட்டு விடும் நாவலுக்கு இது போதும். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் நூலுக்குப் போதாது.

மே 25

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்ற அமைப்பில் மகளின் பெயரைச் சேர்த்தேன். எந்த ஆவணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். பரணில் இப்போது கொலுப் பெட்டிகளும் பித்தளை அண்டாவும்தான் பாக்கி.