350 இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு: இரண்டாம் முறை மாட்டிய கதை

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுவதைப் பார்த்ததும், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெயை அடைத்து வைக்கும் பின் சீல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அதை மாற்றுவது பெரிய வேலை. இரண்டு நாள் காரைத் தொடவே மனம் வரவில்லை.

கார் 1970 ஷெவ்ரோலே ஷெவெல் மாலிபு. உள்ளே இருப்பது 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8. இரண்டு பேரல் (காற்று வாய்) கார்புரேட்டரோடு 250 குதிரைத்திறன் என்று அந்த வருடம் விற்ற இன்ஜின். பிளாக்கின் முன்பக்கம் பொறித்திருக்கும் எண் வி என்ற எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் ஃபிளின்ட் ஆலையில் செய்தது. நான் இருப்பதும் மிச்சிகன்தான். அது பிறந்த ஊர் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு.

மூன்று வாரத்துக்கு முன்புதான் சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு பேரல் கார்புரேட்டர் உட்காரும் அலுமினிய மேனிஃபோல்டை மாட்டியிருந்தேன். ஓடவிட்டுப் பார்த்தபோது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் காட்டும் வேக்கம் கேஜின் முள் 18 அங்குலத்தில் (பாதரச அளவு) அசையாமல் நின்றது. அதனால் மேனிஃபோல்டு மேல் சந்தேகமே வரவில்லை. அங்கேதான் தவறிவிட்டேன். வேக்கம் கேஜ் சொல்வது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டின் காற்றுத் துளைகளைச் சுற்றி இருக்கும் அடைப்பைப் பற்றி மட்டும். முன்னும் பின்னும் பிளாக்கின் மேல் உட்காரும் ஓரங்களில் வேக்கமே கிடையாது, எண்ணெய் தெறிப்புதான். அங்கே ஒழுகினால் கேஜுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற இன்ஜின் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பின் சீலைத் தொடுவதற்கு முன் எண்ணெயில் யுவி சாயம் கலந்து பார் என்றார். கலந்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நீல விளக்கு அடித்தேன். அந்த இடத்தில் சந்தேகப்பட நிறைய இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் அடி கேஸ்கட், எண்ணெய் அழுத்த சென்டர், வால்வு கவரின் பின் மூலைகள். அத்தனையும் காய்ந்திருந்தன. மேனிஃபோல்டின் பின் ஓரத்தில், இடது பக்கம், பச்சையாக ஒரு கோடு கிளம்பி பிளாக் வழியாக இறங்கி பெல் ஹவுசிங்குக்குள் போயிருந்தது.

ஸ்மால் பிளாக் ஷெவியைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதில் இன்டேக் மேனிஃபோல்டு காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் குழாய் மட்டும் இல்லை. இரண்டு ஹெட்டுக்கும் நடுவே, வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்துக்கு அதுதான் மூடி. முன்பக்கம் கூலன்ட் அதன் வழியாகத்தான் தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. நடுவில் கார்புரேட்டரைச் சூடாக்க எக்ஸாஸ்ட் புகைக்கு ஒரு வழி. காற்று, தண்ணீர், எண்ணெய், புகை நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கும் ஒரே துண்டு அது. இதில் முன்னும் பின்னும் இருக்கும் பிளாக் சுவர்களை ஷெவி ஆட்கள் 'சைனா வால்' என்பார்கள். பெரும்பாலான ஒழுகல் அங்கேதான்.

முதல் முறை நான் செய்தது இது: கேஸ்கட் செட்டோடு வந்த ரப்பர் பட்டைகளைச் சைனா வால் மேல் வைத்து, கூடுதல் பாதுகாப்புக்கு மேலும் கீழும் சிலிக்கான் தடவினேன். கழற்றிப் பார்த்தபோது பின் பட்டை பாதி தூரம் உள்ளே வழுக்கிப் போயிருந்தது. ஈரச் சிலிக்கான் ரப்பருக்கு வழுக்கும் பசைபோல ஆகிவிடுகிறது. போல்ட் இறுக இறுகப் பட்டை நழுவுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ரப்பர் என்றால் ரப்பர், சிலிக்கான் என்றால் சிலிக்கான், இரண்டும் வேண்டாம் என்றார். ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் சிலிக்கானில் போவது என்று முடிவு செய்தேன்.

சரி, இரண்டாம் முறை. கூலன்டை வடித்தேன். பள்ளம் முழுவதும் துணி அடைத்தேன். பழைய கேஸ்கட்டைக் கையால்தான் சுரண்டினேன். டிரில்லில் மாட்டும் உரசு தட்டு வைத்தால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதிலிருந்து கொட்டும் தூள் எண்ணெயோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, பரவாயில்லை.

அப்புறம் முதல் முறை நான் செய்யாமல் விட்ட வேலை. சிலிக்கான் எதுவும் இல்லாமல், பக்கக் கேஸ்கட்டை மட்டும் வைத்து மேனிஃபோல்டை உட்காரவைத்துப் பார்ப்பது. அதற்கு முன் மகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டிச் சைனா வால் இரண்டிலும் வைத்தேன். 12 போல்ட்டும் விரலாலேயே இறங்குகின்றனவா என்று பார்த்தேன். இறங்கின. ஹெட்டை அதிகமாக மில்லிங் செய்திருந்தால் (பரப்பை இழைத்திருந்தால்) இங்கேயே தெரிந்துவிடும்: துளைகள் நேராக வராது, கம்பியால் நெம்ப வேண்டியிருக்கும். நெம்பி மாட்டியது எப்போதும் ஒழுகும். (புது மேனிஃபோல்டு வாங்குபவர்களுக்கு: 1987 முதல் வந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் நடு நான்கு போல்ட்டின் கோணம் வேறு. பழைய ஹெட்டுக்குப் பழைய கோணத்தில்தான் வாங்க வேண்டும்.)

லேசாக இறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய களிமண்ணை அளந்தேன். முன்னால் மூன்றரை மில்லிமீட்டர், பின்னால் நான்கு. ஆக, சிலிக்கான் கயிறு அதைவிட உயரமாக இருக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போட்டால் உள்பக்கம் பிதுங்கும் துண்டு உடைந்து எண்ணெய் பம்பின் வலையில் போய் அடைக்கும்.

சுத்தம் செய்வதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். பிரேக் கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடைத்தால் முதல் ஐந்து முறை கறுப்பாக வந்தது. வெள்ளையாக வந்ததும் நிம்மதியாகி டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து துடைத்தால் மறுபடி எண்ணெய்! பள்ளத்தின் சுவரிலிருந்து மெல்ல மேலேறி வந்துவிடுகிறது. ஆகவே சிலிக்கான் டியூபைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு கடைசி துடைப்பைத் துடைப்பதுதான் வழி.

பக்கக் கேஸ்கட்டில் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. காற்றுத் துளைகள் பக்கம் எதுவும் வேண்டியதில்லை. சைனா வாலில் அந்தக் கயிறு. அது கேஸ்கட்டின் நுனி மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறி முடியும்படி போட்டேன். மூன்று பரப்புகள் சேரும் அந்த நான்கு மூலைகள்தான் எண்ணெய்க்குப் பிடித்த வாசல். என் பச்சைக் கோடும் அந்த மாதிரி ஒரு மூலைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது.

தலை வெட்டிய நான்கு நீள போல்ட்டை நான்கு மூலைகளில் முன்பே திருகி வைத்திருந்தேன். மேனிஃபோல்டு அவற்றைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கியது. முன்னே பின்னே ஒரு இழுப்பும் இல்லை. ஈரச் சிலிக்கான் மேல் ஒருமுறை நகர்த்தினால் கயிறு கலைந்துவிடும், அதனால் இந்த ஏற்பாடு. போல்ட் மரைகளிலும் சீலன்ட் வைத்தேன், ஏனென்றால் சில துளைகள் பள்ளத்துக்குள் திறந்திருக்கின்றன, மரை வழியாகவே எண்ணெய் ஏறும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 10, 20, பிறகு 25 அடி-பவுண்டு. வார்ப்பிரும்பு என்றால் 30 வரை போவார்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றுவதற்காகத் தூக்கிய டிஸ்ட்ரிபியூட்டரில் (தீப்பொறி மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிர்வது) இரண்டு குறி போட்டு வைத்திருந்தது உதவியது: உட்கார்ந்திருக்கும்போது ரோட்டார் பார்க்கும் திசை ஒன்று, தூக்கியதும் கியர் திருப்பிவிட்டு நிற்கும் திசை இன்னொன்று. இரண்டாவது குறியில் வைத்து இறக்கினால் தானாகவே முதல் குறிக்குத் திரும்பிவிடும். கீழே எண்ணெய் பம்பின் தண்டு பொருந்தாமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கி நின்றது. நீளமான ஸ்க்ரூடிரைவரால் அதைச் சற்றுத் திருப்பியதும் இறங்கியது.

முழுசாக 24 மணி நேரம் தொடவில்லை. கழற்றும்போது கொஞ்சம் கூலன்ட் பள்ளத்தில் சிந்தியிருக்கும் என்பதால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன். ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். வேக்கம் அதே 18. இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி குழாயை அடைத்து, எண்ணெய் ஊற்றும் துளையை உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன்; உள்ளே இழுக்கவில்லை. காற்றுத் துளைகளின் அடிப்பக்கமும் நன்றாக அடைந்திருக்கிறது. சூடாகி ஆறியபின் போல்ட்டுகளை மறுபடி சோதித்ததில் ஐந்து போல்ட் கொஞ்சம் இறங்கின. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் இதை எதிர்பார்த்தேன்.

இன்றோடு 160 கிலோமீட்டர். நேற்று இரவு நீல விளக்கு அடித்துப் பார்த்தேன். பின் ஓரம், மூலைகள், பெல் ஹவுசிங் எதிலும் பச்சை இல்லை. காருக்கு அடியில் விரித்த அட்டை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்டில் வுட்வர்டு டிரீம் க்ரூஸ், டெட்ராய்ட் பக்கம் பழைய கார்கள் கூடி ஓடும் நிகழ்ச்சி. அதற்குள் கார்புரேட்டரின் பின் இரண்டு பேரலைச் சரிசெய்ய வேண்டும். திறக்கும்போது ஒரு நொடி திணறுகிறது. அடுத்த சனிக்கிழமை அந்த வேலை.