புள்ளி தெரியாத எழுத்து

ஆறேழு மாதமாகவே ராத்திரி புத்தகத்தை எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் புருவத்துக்கு மேலே வலி பிடித்துக்கொள்ளும், கண் கரிக்கும், அப்புறம் மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளி ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், பிறகு வரியையே ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். எனக்கு 43 வயது. தூக்கம் போதவில்லை, செல்போன் அதிகம் என்று நானாகவே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டில்தான் சந்தேகம் வந்தது. பொழுது சாய்ந்து லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் நின்றபோது கீழே சேலம் முழுக்க விளக்கு விளக்காகத் தெரிந்தது, ரோட்டில் நகரும் வண்டி வெளிச்சத்தைக்கூடப் பிரித்துப் பார்க்க முடிந்தது. கையில் அங்கே வாங்கிய மிளகுப் பொட்டலம். அதில் போட்டிருந்த விலையை மட்டும் படிக்க முடியவில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மகளிடம் கொடுத்தேன். மறுநாள் காலை வாசல் வெயிலில் அதே பொட்டலத்தைப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது!

பக்கத்து வீட்டு அண்ணன் கொலுசு வேலை செய்கிறவர். கேட்டதுமே, "வெள்ளெழுத்து தம்பி. கண்ணாடி இல்லாம உக்காந்தா எனக்குக் கண்ணி எது, சந்து எதுன்னே தெரியாது" என்றார்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் புடைத்துக்கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அது இறுகிப்போகிறது, 40 வாக்கில் நமக்கே தெரிய ஆரம்பிக்கிறது. வெயிலில் கண்மணி சுருங்குவதால் எழுத்து கொஞ்சம் தெளிகிறது, படுக்கையறை விளக்கில் அது விரிந்துவிடுவதால் மங்குகிறது. மிளகுப் பொட்டலத்தின் கதை இதுதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை வாங்கவில்லை. அதில் ரெண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். எனக்கு வலது கண்ணுக்கு +1.25, இடதுக்கு +1.75. அதைவிட முக்கியம், போன இடத்தில் கண் அழுத்தமும் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டு விழித்திரையும் பார்த்தார்கள். கண் அழுத்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியோ மங்கலோ காட்டாது, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். சர்க்கரை இருக்கும் குடும்பம் எங்களுடையது, அதனால் விழித்திரையையும் விடக்கூடாது. கடையில் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. "ஒரு தடவை போட்டா விடவே முடியாதுடா, பவர் ஏறிக்கிட்டே போகும்." பவர் ஏறும்தான், ஆனால் அது வயதால், போட்டாலும் போடாவிட்டாலும் 60 வாக்கு வரைக்கும் ஏறத்தான் செய்யும் என்று விளக்கினேன். அவர் பதில் பேசாமல் அரிசி முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். ரொம்ப நாளாகவே அங்கே உட்கார்ந்துதான் கல் பொறுக்குகிறார், நான்தான் அதைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.