17சி (ஓட்டுக் கணக்குப் படிவம்) நகல் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்

ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். காலை 5.30-க்கு மாதிரி வாக்குப்பதிவு, 50 ஓட்டு, அவற்றை அழிக்கும் கிளியர், சீல் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஏஜெண்ட் நியமனத்துக்கான படிவம் 10-லும் சிக்கலில்லை. (அதிலுள்ள உறுதிமொழியில் வீட்டிலேயே கையெழுத்திட்டுக்கொண்டு வராதீர்கள். தலைமை அலுவலர் முன்னால்தான் போட வேண்டும்.)

வில்லங்கம் மாலையில்தான். மெஷினில் வாக்குப்பதிவை முடிக்கும் குளோஸ் பட்டனை அழுத்திய கையோடு தலைமை அலுவலர் ஒரு தாளை நீட்டினார். "சீக்கிரம் போடுங்க சார், வண்டி வந்துரும்." படித்தால், 17சி நகல் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அதில் இருக்கிறது! முன்வரிசைக் கட்சிக்காரர்கள் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

"நகல் எங்கே சார்?"

"மெஷினை ஒப்படைச்ச பிறகு ஆபீஸ்ல வாங்கிக்கலாம்."

"விடு தம்பி, எல்லாருக்கும் பசிக்குது" என்றார் ஒரு கட்சி ஏஜெண்ட்.

வாக்குப்பதிவு முடிந்ததும், அங்கே இருக்கிற ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் சான்றொப்பமிட்ட நகல் தர வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49எஸ். சொன்னேன். "எனக்கே சட்டம் சொல்லித் தர்றீங்களா?" என்று தலைமை அலுவலர் எகிறினார். அவர் மேஜையில் இருந்த கையேட்டையே பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பிரிக்கவில்லை, மண்டல அலுவலருக்குப் போன் போட்டார். "கொடுத்துடுங்க" என்று பதில் வந்தது.

அடுத்து, வெற்றுப் படிவம் தீர்ந்துவிட்டதாம். நல்லவேளை, நான் நான்கைந்து ஜெராக்ஸ் எடுத்துப் போயிருந்தேன். நீங்களும் கொண்டுபோங்கள், இந்தச் சாக்கு எங்கும் வரும்.

நிரப்பும்போது 17ஏ (ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திடும்) பதிவேட்டுக் கணக்குக்கும், ஓட்டுகள் பதிவாகும் கண்ட்ரோல் யூனிட் காட்டிய மொத்தத்துக்கும் ஒரு ஓட்டு இடித்தது. மதியம் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு ஓட்டுப் போட மறுத்துத் திரும்பிப் போனாரே, அவர்தான்! இப்படி மறுப்பவர்களைக் குறிக்கும் 49ஓ விதிக்கான வரியில் அவரை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். ஏற்றியதும் கணக்கு நேரானது. அலுவலரின் குரலும் இறங்கியது. பசிக்கிறது என்றவரும் எனக்கொரு நகல் என்று கை நீட்டினார்.

வாங்கியதும் கண்ட்ரோல் யூனிட் எண், மொத்த ஓட்டு, அலுவலர் கையெழுத்து மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். அன்றிரவே அதை எங்கள் எண்ணிக்கை ஏஜெண்டிடம் சேர்த்துவிட்டேன். மெஷின் எண்ணிக்கை டேபிளுக்கு வரும்போது ஒப்பிட்டுக் கேள்வி கேட்க எங்கள் தரப்பில் இருப்பது அந்த ஒரு தாள்தான்.