புது டைல்ஸ் தரையில் சிமென்ட் படலம்: ஆசிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்

டைல்ஸ் வேலை முடித்துக் கிளம்பும்போது, "ஆசிட் ஊத்திக் கழுவிருங்க, பளிச்சுன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பளிச்சென்று ஆவது உண்மைதான். பிறகு ஜாயின்ட் பொடியாக உதிர்வதும், ஸ்டீல் குழாயில் புள்ளி விழுவதும், கதவுக் கீல் துருப்பிடிப்பதும் அதே ஆசிட்டால்தான். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட ஹாலும் அறைகளும், சொரசொரப்பு டைல்ஸ் போட்ட பாத்ரூமும் சுத்தம் செய்ததில் முக்கால்வாசி வேலை ஆசிட் இல்லாமலே முடிந்தது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. ஈரத்துணியில் துடைத்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிரவுட் (டைல்ஸ் ஜாயின்ட்டில் அடைக்கும் சிமென்ட் கலவை) படலம். நகத்தில் தட்டுப்பட்டால் சிமென்ட் கட்டி. ஜாயின்ட் ஓரமாக மட்டும் பஞ்சு போலப் பூத்து, துடைத்த சில நாளில் மறுபடி பூத்தால் அது உப்பு. டைல்ஸுக்கு அடியில் உள்ள கலவையின் ஈரம் மேலே ஏறும்போது சுண்ணாம்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. இதைக் கழுவக் கழுவ ஈரம் கூடி இன்னும் பூக்கும். தரையை நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுவதே சரி.

கிரவுட் போடும் அன்றே கூட நின்றால் பாதிப் பிரச்சினை வராது. ஜாயின்ட்டில் அடைத்து 15–20 நிமிடத்தில், விரலில் ஒட்டாத பதம் வந்ததும், இறுகப் பிழிந்த ஸ்பான்ஜால் மூலைவாட்டில் துடைக்க வேண்டும். ஜாயின்ட் போகும் திசையிலேயே இழுத்தால் கிரவுட் குழிந்துவிடும். தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் நிறம் கரைந்து திட்டுத் திட்டாகும். ஒரே வாளித் தண்ணீரில் ஹால் முழுக்கத் துடைப்பதுதான் படலம் படிவதற்குப் பெரிய காரணம். அது துடைப்பதல்ல, நீர்த்த சிமென்ட்டைத் தரையெல்லாம் பூசுவது. தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள், முணுமுணுத்தாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் கழித்து உலர்ந்த காட்டன் துணியால் ஒரு முறை தேய்க்க வேண்டும். மரத்தூள் தூவிச் சாக்கால் தேய்க்கும் பழைய மேஸ்திரிகளின் வழக்கம் இந்தக் கட்டத்துக்கு இன்றும் நல்ல வழிதான்.

காய்ந்து ஒட்டிய கட்டிகளுக்கு, ஈரச் சாக்கை மேலே போட்டு அரை மணி ஊறவிட்டு, பெயின்டர் பட்டி பார்க்கும் தகட்டின் பிளாஸ்டிக் வகையால் சாய்வாகத் தள்ளினால் பெரும்பாலும் பெயர்ந்துவிடும். பச்சை ஸ்கிரப்பர் வேண்டாம். அதில் உராய்வுத் துகள் இருக்கிறது. பாலிஷ் டைல்ஸில் மெல்லிய கீறல்கள் விழும், வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரியும். இரும்பு நாரின் துணுக்குகள் ஜாயின்ட்டில் தங்கித் துருக்கறை ஆகும். வெள்ளை நைலான் பேட் போதும். எதையும் முதலில் மிச்சம் இருக்கும் டைல்ஸ் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் நிற்கும் படலத்துக்குத்தான் ஆசிட். கிரவுட் போட்டு 7 முதல் 10 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பச்சையாக இருக்கும் கிரவுட்டை ஆசிட் தின்றுவிடும். கடையில் பாட்டிலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட, கெமிக்கல் கடையில் தூளாகக் கிடைக்கும் சல்பாமிக் ஆசிட் நல்லது. புகையாது, ஸ்டீல் சாமான்களையும் அவ்வளவாகக் கெடுக்காது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமென்ட்டோடு சேர்ந்து கால்சியம் குளோரைடு ஆகிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சரியாக அலசாத தரை மழைநாளில் பிசுபிசுப்பது இதனால்தான்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் தூள். அழுத்தமான படலத்துக்கு 100 கிராம் வரை போகலாம். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டைப் போட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஆசிட்டுக்கு முன் தரையை வெறும் தண்ணீரால் நனைப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜாயின்ட் முதலில் தண்ணீரைக் குடித்திருந்தால் ஆசிட்டைக் குடிக்காது. 20–30 சதுர அடியாகப் பிரித்து, கலவையைப் பரப்பி, 5 நிமிடம் விட்டு நைலான் பேடால் தேய்க்க வேண்டும். லேசாக நுரை பொங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காய விடாமல் வைப்பரால் தள்ளி அள்ளி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்த தண்ணீரால் ஒரு துடைப்பு, மறுபடி ஒரு அலசல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசித் துடைப்பு மட்டும் கேன் தண்ணீரில் செய்யலாம். இல்லையென்றால் புதிதாக ஒரு வெள்ளைப் படலம் வந்து, சிமென்ட் போகவில்லையோ என்று மறுபடி ஆசிட்டைத் தேட வைக்கும்.

பாத்ரூமின் சொரசொரப்பு டைல்ஸில் பேட் பள்ளத்துக்குள் போகாது. கெட்டி நைலான் பிரஷ் வேண்டும், ஊறவிடும் நேரமும் 10 நிமிடம் வரை ஆகலாம். ஃபுளோரைடு கலந்த கிளீனரை மட்டும் தொடாதீர்கள். வேறெந்த ஆசிட்டுக்கும் அசையாத விட்ரிஃபைட் டைல்ஸ், அதிலிருந்து வரும் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டில் பளபளப்பை இழந்துவிடும்.

எபாக்சி கிரவுட் வேறு கதை. அது பிளாஸ்டிக் போல இறுகும் பிசின் வகை, அதில் சிமென்ட் இல்லை, எனவே மேலே சொன்ன ஆசிட் எதுவும் வேலை செய்யாது. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விட்டு, நைலான் பேடால் உடனுக்குடன் வழிக்க வேண்டும். இறுகிய பிறகு எபாக்சி ரிமூவர்தான். அது ஜாயின்ட்டையும் இளக்கும், எனவே ஜாயின்ட் மேல் டேப் ஒட்டிவிட்டுத் தடவ வேண்டும்.

மேலே சொன்ன ஆசிட் முறை டைல்ஸுக்கு மட்டும்தான். மார்பிள், கடப்பா, கோட்டா கல் எல்லாம் சுண்ணாம்பு வகை. எலுமிச்சையும் வினிகரும்கூட மெருகைத் தின்றுவிடும். ஆத்தங்குடி கல்லும் ரெட் ஆக்சைடு தரையும் சிமென்ட்டாலேயே ஆனவை. கிரானைட்டில் இரும்பு இருந்தால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டு மஞ்சளாகும். கல் தரையில் படலம் நின்றுவிட்டால் பாலிஷ் போடும் ஆளை மெஷினுடன் கூப்பிடுங்கள்.