பேப்பர் இல்லாத சனிக்கிழமை

ஆகஸ்ட் 15, 2025, வெள்ளி, சேலம்

நாளைக்குப் பேப்பர் கிடையாது. இந்த ஒரு நாளுக்காக ரெண்டு மாசமாகக் காத்திருந்தேன். அம்மாப்பேட்டையில் இருபது வருஷமாகப் பேப்பர் ஏஜென்சி நடத்துகிறேன். வீடு வீடாகப் பேப்பர் போடும் லைனுக்குப் புதிதாக வரும் எந்தத் தம்பியிடமும் முதலில் சொல்வது, "கலாம் ஐயாவும் பேப்பர் போட்டவர்தான்" என்பதை. ஆனால் அவருடைய நினைவகத்தை இதுவரை பார்த்ததில்லை. ராத்திரி பஸ்ஸுக்கு மகனோடு கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 16, சனி, ராமேஸ்வரம்

பாம்பன் பாலம் தாண்டி, ஊர் வருவதற்கு முன்பே பேக்கரும்பு. 2015 ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்த இடம். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ கட்டிய நினைவகம் 2017-ல் திறக்கப்பட்டது. வீணை வாசிக்கும் சிலை, படங்கள், ஏவுகணை மாதிரிகள். கலாம் தலைமையில் செய்த எஸ்எல்வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10-ல் கடலில் விழுந்ததை மகனுக்குச் சொன்னேன். "அப்புறமும் அவர்கிட்டயே குடுத்தாங்களாப்பா?" என்றான். கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 18-ல் அதே ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் மேலே போனது. கல்லறை முன்னால் மட்டும் இருவரும் பேசவில்லை.

பள்ளிவாசல் தெருவில் அவர் வீட்டையும் பார்த்தோம். சின்ன வயதில் அவர் சுதந்திரப் போராட்டக்காரர் எஸ்.டி.ஆர். மாணிக்கம் வீட்டு நூலகத்தில் புத்தகம் வாங்கிப் படித்தது இந்த ஊரில்தான்.

சாயங்காலம் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போனோம். நான் வந்ததே இதற்காகத்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காது. இந்தப் பக்கம் ஓடும் ரயிலிலிருந்து பேப்பர் கட்டுகளைத் தள்ளிவிடுவார்கள். ஊரில் பேப்பர் விநியோகித்த சம்சுதீன், கலாமின் உறவுக்கார அண்ணன். கட்டு பிடிக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பளம் அதுதான். 1964 டிசம்பர் புயல் அந்தத் தண்டவாளத்தையே கொண்டுபோய்விட்டது. மணலும் காற்றும்தான் மிச்சம். அங்கே நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, சேலம்

பஸ் இறங்கும்போது மணி மூன்று. நேராகக் கட்டு பிரிக்கப் போய்விட்டோம். தூங்கப் போகச் சொல்லியும் மகன் கேட்கவில்லை, உட்கார்ந்து ஞாயிறு இணைப்பைச் சொருகினான். லைன் தம்பியிடம் ரயில் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஓடுற ரயில்ல இருந்து தள்ளுனா மேல் பேப்பர் கிழிஞ்சிருக்குமேண்ணா. அதை யார் தலையில கட்டுவாங்க?"

சணல் அறுந்திருந்தால் பாதிக் கட்டு காற்றில் போயிருக்கும் என்றேன். அவன் சைக்கிளில் ஏறும் வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.