தெருமுனை இட்லிக்கடை

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் தெருத்தெருவாகக் கேமரா மாட்டினார்கள். அப்போது போலீஸ் கமிஷனராக இருந்த ஏ.கே.விஸ்வநாதன் காலத்துத் திட்டம். பெயர் ‘மூன்றாவது கண்’. 50 மீட்டருக்கு ஒன்று என்பது இலக்கு. எங்கள் தெருவிலும் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து நான்கு மாட்டினோம். செயின் பறிப்பு குறைந்ததோ இல்லையோ, யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் விழுகிறது என்பது அம்பலமானது.

தெருமுனையில் குடிக்க உட்காருபவர்களைக் கேமரா ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். டியூஷன் முடிந்து வரும் என் மகள் அந்த இருபதடியைத் தவிர்க்க ஒரு தெரு சுற்றி வருவாள்.

அங்கே எரியாத தெருவிளக்குக்காக மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்தேன். மாற்றினார்கள். வேப்பங்கிளை மறைத்ததில் பாதி வெளிச்சம்தான்.

அப்புறம்தான் இட்லி அக்கா வந்தார். தள்ளுவண்டியை அந்த முனையில் நிறுத்தலாமா என்று கேட்டார். குடியிருப்போர் சங்கத்தில் ஒரே எதிர்ப்பு: புகை, ஈ, கூட்டம். எனக்கும் தயக்கம்தான், மறைப்பானேன்.

பத்தே நாள். ஏழு மணிக்குப் பேட்டரி விளக்கு எரியும், இட்லிக் குண்டானிலிருந்து ஆவி கிளம்பும், நாலு பேர் தட்டோடு நிற்பார்கள். பாட்டிலோடு வந்தவனிடம் அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், “தம்பி, புள்ளைங்க வர்ற வழி. வேற இடம் பாரு” என்றார்.

பார்த்துவிட்டார்கள். அடுத்த தெரு. அந்தத் தெருக்காரர் ஒருவர் நேற்று இட்லி வாங்க வந்தவர், அக்காவுக்குத் தங்கச்சி யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.