ஓடியது 50, எழுதியது 46

ஜனவரி 4, ஞாயிறு

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு வாடகை மைதானம், 25 ஓவர் கிரிக்கெட் ஆட்டம். ஒரு சிங்கிள் ஓடி முடித்ததும், ஐம்பது ஆகிவிட்டது என்று ஹெல்மெட்டைக் கழற்றி பேட்டைத் தூக்கினேன். கைதட்டலே இல்லை. வேப்பமர நிழலில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே, நாப்பத்தாறுதான்!" என்று கத்தினான். எதிரணி மொத்தமும் சிரித்தது. அடுத்த பந்தே மிட்-விக்கெட்டில் கேட்ச்.

அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பந்து பேடில் பட்டு ஓடிய மூன்று சிங்கிள்களும் லெக் பை. அணிக்கு உண்டு, எனக்குக் கிடையாது. லெக் பை என்று அம்பயர் முழங்காலைத் தட்டிக் காட்டியதை நான் பார்க்கவில்லை. நாலாவது, கூட ஆடியவன் கிரீஸ் கோட்டைத் தொடாமலே திரும்பியதில் போன ரன். ஆக, நான் ஓடியது 50தான். யாரிடம் போய்ச் சொல்ல?

ஜனவரி 6, செவ்வாய்

திருவல்லிக்கேணி பெரியப்பாவிடம் போனில் புலம்பினேன். "ஸ்கோர் போர்டையே பார்க்காம ஆடணும்டா. கவாஸ்கர் பார்த்தாரா?" பெரியப்பாவுக்கு எந்தப் பேச்சும் 1983 டிசம்பர் சேப்பாக்கத்தில்தான் போய் நிற்கும். ஒரு ரன்கூட வராமல் 2 விக்கெட் போன நிலையில் கவாஸ்கர் நாலாவது ஆளாக இறங்கி, வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சுக்கு எதிரே ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதங்களைத் தாண்டிய 30ஆவது சதம். போர்டைப் பார்க்காத பழக்கத்தைக் கவாஸ்கரே சொல்லியிருக்கிறார், அதனால் மறுக்க முடியவில்லை.

ஆனால் சேவாக்கை என்ன செய்வது? 2003 மெல்போர்னில் 195இல் நின்று சிக்ஸருக்குத் தூக்கி பவுண்டரி ஓரம் கேட்ச். மூன்று மாதம் கழித்து முல்தானில் 295இல் இருந்தபோதும் அதே ஆசை. இந்த முறை பாகிஸ்தானின் சக்லைன் பந்து சிக்ஸர், முச்சதம். எண் தெரிந்தும் இரண்டு இடத்திலும் அவர் ஷாட் மாறவில்லை. என்னைப் போன்றவர்களுக்குத்தான் 46 என்று கேட்டதும் கை நடுங்குகிறது. பெரியப்பா, "அவன் வேற ஜாதிடா, ஆட்டத்துல" என்று போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

என் ரன்னை எண்ணக் கூடாது என்ற தீர்மானத்தோடு இறங்கினேன். இலக்கு 143. எத்தனை ஓவர், எத்தனை ரன் பாக்கி, அது மட்டும் போதும். இரண்டு ஓவர் ஒழுங்காகப் போனது. பிறகு எதிர்முனைப் பையன் கிட்டே வந்து, "அண்ணே, இன்னும் ஒண்ணு அடிச்சா இருபது" என்றான். நல்ல பையன்தான், வாய்தான் சும்மா இருக்காது. அதன்பின் ஒவ்வொரு ரன்னும் தானாக மண்டைக்குள் ஏறியது.

29இல் ரன் அவுட். ஸ்கோர் தம்பியிடம் கேட்கவே வேண்டாம், லெக் பை உட்பட எல்லாம் கழித்துச் சரியாகவே வைத்திருந்தேன். ஆனால் அணிக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதில்தான் 6 ரன்னில் தோற்றோம்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

பெரியப்பா வீட்டில் சாப்பாடு. மெரினா பக்கம் கால் வைக்க முடியாத கூட்டம், மாடியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"போன வாரம் எத்தனைடா அடிச்சே?"

"எண்ணலை பெரியப்பா."

"சரி, எத்தனை?"

"இருபத்தொன்பது."